அவர் பெயரை விட்டுவிட்டேன்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் வழக்கம்போல மூன்று பேருக்குப் பேச்சுப் பயிற்சி. அடுத்துச் சக்கர நாற்காலியில் வந்தவரைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர்! கல்லூரி நாட்களில் எந்தப் பாட்டுக் குரலைக் கேட்காமல் நான் தூங்கியதில்லையோ, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர். பக்கவாதம். உதடும் நாக்கும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "வணக்கம்" என்று சொல்லப் பார்த்தார். "அணக்கம்" என்று வந்தது. எனக்கு அதுவும் இசையாகத்தான் கேட்டது. ஆண்டவரே, இது உமது ஈவா?

மார்ச் 5

மற்றவர்களுக்கு அரை மணி நேரம். அவருக்கு — சரி, அதை எழுதாமலே விடுகிறேன்.

மார்ச் 13

'ப' வரவில்லை. உதடு சேரவே மாட்டேன் என்கிறது. வேறு யாராக இருந்தாலும் "இன்னொரு தடவ சொல்லுங்க, உதட்ட நல்லா மூடுங்க" என்று பிடித்த பிடியை விட்டிருக்க மாட்டேன். இவரிடம் "அருமை சார், அருமை!" என்கிறேன். அவரைத் திருத்த நான் யார்?

அவருடைய மகன் வாசலில் மறித்தார். "அப்பா நல்லா பேசறார்னு சொல்றீங்க மேடம். எனக்கு ஒரு வார்த்தகூட புரியலயே?" ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

மாலைக் குடும்ப ஜெபத்தில் என் நோயாளிகளுக்காக வேண்டினேன். திக்குகிற வங்கி ஊழியர், தொண்டையில் அறுவை செய்துகொண்ட டீச்சர், விபத்தில் அடிபட்ட லாரி டிரைவர். ஆமென் சொன்னதும் மகள் கேட்டாள்: "அம்மா, உன் பாடகர விட்டுட்டியே?"

"அவரையா?"

"ஏன், அவரும் பேஷன்ட்தானே?"

கேட்டுவிட்டுத் தட்டு எடுத்து வைக்கப் போய்விட்டாள். அவர் குரலுக்காக எத்தனையோ முறை நன்றி சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று கெஞ்சியிருக்கிறேன். அவருக்காக ஒன்றுமே கேட்டதில்லை. ஏன்? தெய்வத்திடம் வேண்டுவோம், தெய்வத்துக்காக யார் வேண்டுவார்கள்?

அடிப்பாவி! விக்கிரகம் என்றால் கல்லில்தான் இருக்க வேண்டுமா? அந்த மனுஷன் பேச முடியாம தவிக்கிறார், நான் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறேன்.

மார்ச் 17

"சார், இவ்வளவு நாள் நான் சொன்னது பொய். உங்க பேச்சு யாருக்கும் புரியல."

அவர் முகம் சிவந்துவிட்டது. மேசை மேலிருந்த எழுத்து அட்டைகளை ஒரே தட்டாகத் தட்டிவிட்டார். பொறுக்கி அடுக்கினேன். "உதட்ட மூடுங்க. ப."

அவர் கண்ணில் தண்ணீர். என் கண்ணிலும்தான். ஆனால் விடவில்லை.

மார்ச் 18

பயிற்சிக்கு வரமாட்டேன் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாராம். தவறு செய்துவிட்டேனா? இன்று அவருக்காக ஜெபித்தேன். பெயர் சொல்லி, மற்றவர்களோடு ஒருவராக.

மார்ச் 20

வந்தார். என்னை முறைத்துக்கொண்டே 'ப' சொன்னார். தெளிவான 'ப'.

ஏப்ரல் 29

இனிப் பாட முடியாது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு போனை எடுத்துத் தரச் சொன்னார். மகனுக்கு.

"சா... ப்டியா?"

உடனே மகன் குரல்: "இல்லப்பா. வர்றேன், சேர்ந்தே சாப்பிடலாம்."

என்னை வெளியே போகும்படி கையைக் காட்டினார். அப்பனும் மகனும் பேசுகிற இடத்தில் எனக்கென்ன வேலை? கதவை மெல்லச் சாத்திவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.