பாஸ்போர்ட்டில் குங்குமம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். சாயந்திரம் அம்பத்தூர் பக்கம் நல்ல மழையாம், எங்கள் கள்ளிக்குப்பத்துக்கு வெறும் தூறல். மோட்டார் ரிப்பேர். பிளம்பர் "வந்துகினே கீறேன் சார்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். வரவில்லை.

நித்யா ஆபீஸிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னங்க, என்னை ஜெர்மனி அனுப்புறாங்க! மூணு வாரம். பதினேழாம் தேதி கிளம்பணும்."

பதினேழு. கையில் விசா கிடையாது. பதினாலுக்குள் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவள் டீமிலிருக்கும் பிரசாந்த் போவான். அவனிடம் விசா தயாராக இருக்கிறதாம். ஆனால் கிளையண்ட் கேட்டது நித்யாவைத்தான். பெயர் சொல்லிக் கேட்டார்களாம். இதை மட்டும் மறுபடி மறுபடி சொன்னாள்.

"சூப்பர்" என்றேன். சரியாக வரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

நான் ஐ.டி.க்கு வந்தது அவளுக்கு நாலு வருஷம் முன்னால். வேறு கம்பெனி, அதே குப்பை. ஏர்போர்ட்டுக்கு நிறைய தடவை போயிருக்கிறேன், எல்லாம் மற்றவர்களை ஏற்றிவிட.

யாழி (யு.கே.ஜி., எங்கள் மகள்): "அம்மா ஃப்ளைட்ல போனா அப்பா எதுல போவாரு?"

"அப்பா பைக்ல போவாரு செல்லம்."

சொல்லிவிட்டு நித்யா சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். அரை நாள் லீவு. அம்பத்தூர் ஓ.டி.யில் ஸ்டுடியோ, விசா போட்டோ.

ஸ்டுடியோக்காரர் பெரிய நிபுணர் போல. "யக்கா, பொட்ட எட்துரு. பல்லு தெரியக்கூடாது. ரெண்டு காதும் காட்டு. எம்பசில இன்னா சொல்லுவானுங்கன்னே தெரியாது, எதுக்கு ரிஸ்க்கு?" அப்புறம் என்னைப் பார்த்து: "அண்ணாத்தே, நீ எடுக்கலையா?"

"இல்ல, அவங்க மட்டும்தான்."

"குடும்பத்தோட போறதுதானே நைனா!"

உனக்கென்னய்யா வந்தது. பொட்டு இல்லாமல் தலையை இழுத்து வாரி, விறைப்பாக நிற்கிறாள், அந்தப் படத்திலும் அழகாக இருக்கிறாள். என் பாஸ்போர்ட்டில் நான் பிக்பாக்கெட் மாதிரி இருப்பேன்.

யாரோ கேன்சல் செய்த விசா ஸ்லாட் ஒன்று வியாழக்கிழமைக்குக் கிடைத்துவிட்டது. இவளுக்கு எல்லாமே இப்படித்தான் மடியில் வந்து விழும்.

வாங்க வேண்டியது: தக்காளி, யாழிக்கு க்ரேயான், நி.க்கு தெர்மல் வேர். (ஆகஸ்டில் எதற்கு? கேட்டால் சண்டை.)

ஆகஸ்ட் 6, புதன்

யாழியைப் பார்த்துக்கொள்ள வெள்ளானூரிலிருந்து அம்மா வந்தாயிற்று. அப்பா அங்கேயே, நாய்க்குத் துணை. அப்பா ஆவடி ஃபேக்டரியில் ரிட்டையர் ஆனபோது கட்டிய வீடு அது. அம்மா இன்னும் குவார்ட்டர்ஸ் பழக்கம்தான், ஒரு செய்தி கிடைத்தால் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள். "என் மருமக ஜெர்மனி போறா"ன்னு பால்காரர் வரை சொல்லியாகிவிட்டதாம். எனக்கு வாய்ப்பு வந்தபோது "அவ்ளோ தூரமா?" என்றவள்.

எங்கள் வீட்டில் முக்கியமான எதற்கும் அம்மா சந்தனம் குங்குமம் வைக்காமல் விடமாட்டாள். ஃப்ரிட்ஜ், பைக், என் டிகிரி சர்டிபிகேட்டின் பின்பக்கம். என் பாஸ்போர்ட் வந்த அன்று அதற்கும் வைத்தாள். திறந்து, உள்ளே, போட்டோவில் என் நெற்றி மேல். ஈரத்தோடு மூடியதில் எதிர்ப்பக்கம் சிவப்பாக ஊறிவிட்டது. பிறகு ஆபீஸில் சிங்கப்பூர் என்றார்கள். டிராவல் டெஸ்க் பெண் அதை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது டேமேஜ். மாத்திட்டு வாங்க" என்றாள். நான் மாற்றுவதற்குள் இன்னொருத்தன் ஏறிவிட்டான். வீட்டில் ப்ராஜெக்ட் கேன்சல் என்று சொன்னேன். அம்மா மனசு கஷ்டப்படும். அதை மாற்றவும் இல்லை, எங்கே போகப் போகிறேன்.

இன்று சாயந்திரம். நித்யா உள்ளே கால் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா விசா போட்டோவைப் பார்த்தாள். "என்னடா இது, நெத்தி இப்படி மொட்டையா இருக்கு? நல்ல காரியத்துக்குப் போறவளுக்கு!" பாஸ்போர்ட்டை எடுத்துப் பிரித்தாள். அதிலும் பொட்டு இல்லை. சாமி ரூமுக்குக் கொண்டுபோனாள். கிண்ணத்தில் சந்தனம் கரைக்கிற சத்தம்.

சொல்ல வாய் திறந்தேன். "மழை வர மாதிரி இருக்கு, துணி எடுக்கப் போறேன்" என்றுதான் வந்தது. பால்கனியில் போய் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளே வந்தபோது பாஸ்போர்ட் அதன் உறைக்குள், உறை ஃபைலுக்குள்.

அம்மா மனசு கஷ்டப்படும் என்றுதான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆபீஸில் எந்த வேலையும் ஓடவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பதினொன்றரைக்கு அடித்தாள். குரல் சின்னதாக. "என்னங்க, பாஸ்போர்ட்ல குங்குமம் ஊறிக் கிடக்கு. கவுன்ட்டர்ல டேமேஜ்ங்கிறாங்க. வாங்கவே மாட்டேங்கிறாங்க."

உண்மையை எழுதுகிறேன். சந்தோஷமாக இருந்தது. ஒரு நொடி. இங்கே உள்ளே ஏதோ ஒன்று காலை நீட்டி உட்கார்ந்த மாதிரி. அதற்குப் பின்னால்தான் பால்கனியில் நின்றது ஞாபகம் வந்தது.

"கெஞ்சிப் பாரு" என்றேன். வேறு என்ன சொல்வது? சூப்பர்வைசர் வரை போய்ப் பேசியிருக்கிறாள். அப்ளிகேஷன் திரும்பி வந்தால் என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தபின் வாங்கிக்கொண்டார்கள். விசா கிடைப்பது நிச்சயமில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம்.

வீட்டுக்கு வந்து நேரே குளிக்கப் போனாள். குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். அதையும் மீறிக் கேட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று நி. சொல்லியிருந்தாள். யாழி போட்டு உடைத்துவிட்டாள். "பாட்டி, உன் பொட்டால அம்மா ஊருக்குப் போக முடியாதாம்."

அம்மா அழுகை. "நல்லதுக்குத்தானேம்மா வச்சேன்."

நி. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல அத்த. நான்தான் திறந்து பாக்காம எடுத்துட்டுப் போனேன்."

இப்படிப் பேச எனக்கு வருமா? வராது. இதிலும் அவள்தான் மேலே. எரிச்சலாக இருந்தது, நான் எரிச்சல்படுவதற்கு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

அப்போது அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "செந்திலோடதுலயும் இப்படித்தான் வச்சேன். அவனுக்கு ஒண்ணும் ஆகலையே."

நித்யா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் டி.வி. ரிமோட்டைத் தேடினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒன்றும் வரவில்லை. பிரசாந்த் பெட்டி வாங்கிவிட்டானாம்.

நி. சாப்பிடுவதில்லை. என்னோடு பேசுகிறாள், பால், கேஸ், யாழி ஹோம்வொர்க். அதோடு சரி.

அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று இன்று நிஜமாகவே நினைத்தேன், பருத்திப்பட்டு ஏரி ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு. அப்புறம் அவள் அங்கே போய் யார் யாரோடெல்லாம் சிரித்துக்கொண்டு போட்டோ போடுவாள் என்று நினைத்தேன். கிளம்பி வந்துவிட்டேன்.

மோட்டார் சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்

வந்துவிட்டது! விசா ஒட்டி வந்துவிட்டது. மத்தியானம்.

யாழி குதிக்கிறாள். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். "ஆடியும் முடியுது. பதினேழு ஆவணி ஒண்ணு. எப்படி அமைஞ்சிருக்கு பாரு!" பாஸ்போர்ட்டைத் தொடவில்லை, தூர நின்று கும்பிட்டாள்.

நான் கையில் வாங்கிப் பார்த்தேன். ஸ்டிக்கரில் அந்த மொட்டை நெற்றி போட்டோ. பளபளவென்று இருக்கிறது. நகத்தால் ஓரத்தைத் தடவினேன், நன்றாக ஒட்டியிருக்கிறது. சந்தோஷம்தான். இருந்தாலும் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

பேக்கிங். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய் வேண்டாம் (கொட்டும்). எடை போட பக்கத்து ஃப்ளாட்டில் தராசு வாங்கினேன்.

நி. பீரோவில் எதையோ வெகுநேரம் தேடினாள். "என்ன வேணும்? நான் எடுத்துத் தரேன்" என்றேன். "கெடச்சுடுச்சு" என்றாள்.

பக்கத்து ஃப்ளாட் அங்கிள் படியில் பிடித்துக்கொண்டார். "என்ன தம்பி, இனிமே நீங்கதான் ஹவுஸ்வைஃபா?" பல்லைக் காட்டினேன். தராசை நாளை திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விடிகாலை லேசான மழை, ரோடு காலி. யாழி காரில் தூங்கிவிட்டாள், ஏர்போர்ட்டில் எழுப்பினோம்.

ட்ராலி நான்தான் எடுத்து வந்தேன். பெட்டியை ஏற்றினேன். பழக்கப்பட்ட வேலை. "பத்திரம். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்றேன்.

"வியாழக்கிழமை லீவு போடுங்க" என்றாள். "உங்க பாஸ்போர்ட்டை மாத்த ஸ்லாட் எடுத்திருக்கேன். டேமேஜ்னு போட்டிருக்கேன்."

ஏற்றிய பெட்டியை மறுபடி நேராக வைத்தேன். "எதுக்கு இப்ப..."

"நேத்து எடுத்துப் பாத்தேன். என்னோடது மாதிரியே இருக்கு." கோபம் இல்லை. கேஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்கிற குரல். யாழியின் தலையைக் கோதிவிட்டாள். அப்புறம் சொன்னாள்.

"துணி எடுக்கப் போறேன்னீங்களே, அன்னைக்குக் கொடியில துணியே இல்லங்க. காலையிலேயே நான் எடுத்து மடிச்சு வச்சுட்டேன்."

ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போனாள். வாசலில் போலீஸ்காரரிடம் பாஸ்போர்ட்டை நீட்டினாள், அவர் திறந்து பார்த்தார், விட்டுவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பி யாழிக்குக் கை ஆட்டினாள். யாழிக்கு மட்டும்.

வியாழன் லீவு சொல்ல வேண்டும்.