கேன்டீனில் வைத்துக் கேட்ட கேள்விகள்

எதற்கெடுத்தாலும் என்னோடு மல்லுக்கு நிற்கும் என் ஜெசிந்தாவுக்கு,

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் அப்படியே போய்விட்டாய். இரண்டு வருஷம் ஆகிறது. சொல்லாமல் போனதற்கு உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

முதலில் ஊர்ச் செய்தி. உங்கம்மா முட்டிவலியால் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டாங்க. பெருமாநல்லூர் வீட்டில்தான் இருக்காங்க. கல்லறைத் திருநாளன்று நானும் அவங்களும் உனக்கு மெழுகுவர்த்தி ஏற்றினோம். நம் ஆய்வுக் குழு பெரிதாகிவிட்டது. தொழிலாளிகள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்போது தண்ணீர் குடிக்கிறார்கள், எதற்கெல்லாம் மாத்திரை போடுகிறார்கள் என்று கேட்டு எழுதும் அதே வேலைதான். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு, கேட்கவும் குழுவை நடத்தவும் நான்தான் பயிற்சி தருகிறேன். சிரிக்காதே.

இந்த வருஷம் வந்தவர்களில் சுமதி என்று ஒருத்தி. கொமரலிங்கத்துப் பெண், படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலை. போன மாதம் ஒரு கட்டுப் படிவத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு நின்றாள்.

"மேடம், இது எதுவும் சரியில்லீங்க. கேன்டீன்ல வெச்சுத்தான் கேட்டேனுங்க. சூப்பர்வைசர் பக்கத்துலயே உக்காந்திருந்தாருங்க. போகச் சொல்ல எனக்கு வாய் வரலீங்க."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "இதுகூடத் தெரியாம எதுக்கு இந்த வேலைக்கு வந்தே? நாளைல இருந்து வராதே" என்று கத்திவிட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவு சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் யாரைத் திட்டினேன் என்று உனக்குத் தெரியுமே.

நம்முடைய பயிற்சிக் காலம் ஞாபகம் இருக்கிறதா? ஆய்வை நடத்தும் பேராசிரியர் கோவையிலிருந்து மாதம் ஒரு தடவைதான் வருவார். அதனால் இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்த்து, ஒருவருக்கு ஒருவர் வழிகாட்டி என்று விட்டிருந்தார். சனிக்கிழமை மதியம் அந்த வாரம் செய்த ஒரு தப்பைச் சோடியிடம் சொல்ல வேண்டும். கேட்பவர் புத்தி சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். அங்கே பேசியது வெளியே போகவே கூடாது. தூத்துக்குடிப் பேச்சும் சாமளாபுரத்துப் பேச்சுமாக நாம் இரண்டு பேரும் ஒரு சோடி.

ஒரு சனிக்கிழமை என் படிவங்களைப் புரட்டிப் பார்த்தாய். எல்லாப் பெண்களும் வேளாவேளைக்குத் தண்ணீர் குடிப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"ஏட்டி, இத எங்க வச்சுக் கேட்ட?"

கம்பெனி கேன்டீனில் என்றேன். அங்கே சூப்பர்வைசர் எங்கள் ஊர்க்காரர், எனக்கு மாமா முறை. கம்பெனிக்குள் விட அனுமதி வாங்கித் தந்ததே அவர்தான். எனக்கு நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, அவரும் மரியாதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எழுந்து போங்க மாமா என்று எப்படிச் சொல்வது? எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை.

"எங்கம்மா பொழுது விடிஞ்சு போனா அடையுத வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாம இருக்கா. கக்கூசுக்குப் போவணும்னா சூப்பர்வைசர்ட்ட போய் நிக்கணும்லா? அவரயே பக்கத்துல வச்சுக்கிட்டு என்னத்தட்டி கேட்ட?"

வீடு வீடாகப் போய் மறுபடி கேட்கலாமா என்றாய். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

நீ உன் பங்குக்கு வீடு வீடாகத்தான் போனாய். பேராசிரியர் வந்து பார்த்த அன்று உன் கட்டு பாதிகூட முடியவில்லை. என் கட்டு முழுசாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. குழுவை நடத்தும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாயா? ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் போதும். சனிக்கிழமை பேசியது வெளியே போகக் கூடாது என்று நீ வாயைத் திறக்கவில்லை. அந்த விதியை நம்பித்தான் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எதற்கெல்லாமோ என்னோடு சண்டை போட்டவள், இதற்கு மட்டும் ஏன் போடவில்லை?

சுமதியை அனுப்பிய மறுநாள் கோவைக்குப் பஸ் ஏறினேன். நான் சொன்னதை வைத்து ஆபீசில் அடித்த, அவளை நீக்கும் கடிதத்தில் பேராசிரியர் கையெழுத்துப் போட இருந்தார்.

"சார், அந்தப் பொண்ணை அனுப்பறதுன்னா மொதல்ல என்னை அனுப்போணுங்க" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "இத்தனை வருசமா இதைச் சொல்லாம எப்படிம்மா இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். என்ன சொல்ல? இருந்துவிட்டேன். அவ்வளவுதான்.

கேன்டீனில் கேட்ட பதில்களை வைத்து எழுதிய அந்தப் பழைய அறிக்கையை யாரும் எடுத்தாள வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். குழுப் பொறுப்பு இப்போது வேறொருவரிடம். பயிற்சியை மட்டும் நீங்களே நடத்துங்க என்றார். சுமதியின் வீட்டுக்கு நானே போய் அவளைக் கூட்டிவந்தேன். இப்போது சாயங்காலமானால் வீடு வீடாகப் போய்க் கேட்கிறாள்.

போன சனிக்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் என் கதையைச் சொன்னேன். முடித்ததும் சுமதி எழுந்தாள்.

"ஏனுங்க மேடம், அந்த அக்காகிட்ட நீங்க மன்னிப்புக் கேட்டீங்களா?"

இல்லை என்றேன். பிள்ளைகளைச் சீக்கிரமாகவே அனுப்பிவிட்டேன்.

உன்னிடம் கேட்க எத்தனை நாள் இருந்தது ஜெசி! ஒரே அறையில் உட்கார்ந்தோம், ஒரே பஸ்ஸில் போனோம். அப்போதெல்லாம் விட்டுவிட்டு, நீ பதில் சொல்ல முடியாத நாளாகப் பார்த்துக் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

இனி ஒரு பிள்ளை தன் தப்பைச் சொல்ல என் முன்னால் வந்து நின்றால், முழுக்கக் கேட்ட பிறகுதான் வாயைத் திறப்பேன். இது சத்தியம். இன்னொன்றும் இருக்கிறது. மகள் நன்றாகப் படித்தும் பெரிதாக ஒன்றும் வரவில்லையே என்று உங்கம்மாவுக்கு இன்றைக்கும் ஒரு குறை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவங்க வீட்டுக்குப் போகிறேன். அவளுக்கு வர வேண்டிய பொறுப்பு வந்தது, அதை நான் எடுத்துக்கொண்டேன் என்று அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
கவிதா