காவல் நின்றவன்

மார்ச் 9, ஞாயிறு. இரவு.

படகுப் பட்டறை இருந்த ஆற்றங்கரை இப்போது பூங்கா. ஞாயிறுதோறும் பட்டறையின் பழைய கதை சொல்ல, இந்த ஊர்க்காரனான லாமைக் கூப்பிடுகிறார்கள். இன்று நானும் போனேன். பட்டறை மூடும்வரை அவனும் இந்தியனான நானும் ஒரே படகுக்கு அடியில் படுத்து இரும்புத் தகடு பற்றவைத்தவர்கள்.

பழுது பார்த்த படகு ஆற்றில் இறங்குமுன் நான் தேங்காய் உடைப்பேன். மூடநம்பிக்கை என்று மேலாளர் தடை போட்டிருந்தார். லாம்தான் வாசலில் காவல் நிற்பான். முதல் சில்லு அவனுக்கு.

"வெளிநாட்டுக்காரங்க யாராவது இங்கே வேலை செஞ்சாங்களா, தாத்தா?" என்று ஒரு பெண் அவனைக் கேட்டாள்.

"இல்லையம்மா, எல்லாரும் நம்ம ஆளுங்கதான்."

"அப்போ நான் யாருடா?" என்றேன்.

"அண்ணன் துணிக்கடைக்காரர்," என்றான். கூட்டம் சிரித்தது. இந்தியன் என்றால் துணிக்கடை, வட்டிக்கடை. இந்த ஊருக்கு அது போதும்.

பிறகு என் காதோரம், "முதல் நாளே அப்படிச் சொல்லிட்டேன் அண்ணா. இப்ப மாத்தினா இனி என்னைக் கூப்பிட மாட்டாங்க," என்றான்.

பொய்யைக்கூட விட்டுவிடலாம். நானும் தலையாட்டுவேன் என்று நம்பி என் கையைப் பிடித்து அழுத்தினானே. உதறிவிட்டு வந்தேன்.

காலையில் வழக்கம்போல் காப்பிக்கு வருவான். கதவைத் திறக்க மாட்டேன்.