ம் சொன்னால் மேலே படிக்கும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், கண்ணைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அங்கே நீயும் மருமகளும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று பயப்படாதே, தடித்த பேனாவால் எழுதினால்தான் எனக்கு வரி தெரிகிறது. மாடி வீடு காலியாகிவிட்டது, படியில் செருப்புச் சத்தம் இல்லை, குழாய் சொட்டுவதுகூட உள் அறை வரை கேட்கிறது.

உங்கள் கம்பெனியிலிருந்து நீ அனுப்பிய வாசிக்கும் பெட்டி நன்றாகத்தான் படிக்கிறது, உச்சரிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் பேப்பர் முழுவதையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு நின்றுவிடுகிறது. அப்பா இருந்தவரை, படித்துக் காட்டும்போது ஒவ்வொரு பத்திக்கும் நான் ம் கொட்ட வேண்டும், கொட்டாவிட்டால் "என்ன ரிப்போர்ட்டரம்மா, தூங்கிட்டியா?" என்பார். நான் எழுதிய செய்தியைப் படிக்கும்போதே அப்படிக் கேட்டிருக்கிறார். இதை உன் சிநேகிதன் சோடாபுட்டியிடம் சொன்னேன், உன்னோடு பேச்சை நிறுத்தினாலும் வாரம் தவறாமல் என்னைப் பார்க்க வருகிறான். படிக்கிற காலத்தில் நீங்கள் இருவரும் நம் கூடத்தில் உட்கார்ந்து எழுதின புரோகிராம்தானே பெட்டிக்குள் இருக்கிறது, யாரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்தும் கிடக்கிறது, அதனால் ஒரே மத்தியானத்தில் மாற்றிவிட்டான், நான் ம் சொன்னால்தான் அடுத்த பத்தி. பெட்டியில் ஏற்றப் போனால் அது மறுத்துவிட்டது, கம்பெனி ஒப்புக்கொள்ளாத மாற்றம் அதில் ஓடாதாம். "கண்ணாடி வழியா சமையக்கட்ட நல்லா பாக்கலாம்மா, உப்பு மட்டும் போட முடியாது" என்று சிரித்தான். பழைய சண்டை குறுக்கே வரக் கூடாதென்று வேறு பெயரில் அந்த மாற்றத்தைக் கம்பெனிக்கே அனுப்பினான். பெரும்பாலோருக்கு இது தேவைப்படாது, அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது. எனக்குப் படித்துக்கொண்டே வந்தவன் கடைசி வரியில் நின்றுவிட்டான். நான் ம் என்றேன். அப்புறம்தான் கீழே போட்டிருந்த உன் பெயரைப் படித்தான்.

உன்மேல் கோபம் இல்லை. யாரோ கேட்கிறார்கள் என்று எழுதிவிட்டாய், நானென்று தெரிந்திருந்தால் அன்றைக்கே சேர்த்திருப்பாய். அதுதான் உறுத்துகிறது. "புரோகிராமத் தெறந்து வெச்சா நாலு பேர் கை வெப்பாங்க, சரக்கு நல்லா வரும், அவ்வளவுதான்டா" என்று பேச்சு முறிந்த அன்றைக்கு நீ கூடத்தில் கத்தினாய். "நல்லா வர்றது அப்புறம்டா, வாங்கினவன் கையில சாவி இருக்கணும்" என்று அவன் கத்தினான். இரண்டும் ஒன்றுதானே என்று டீ கொடுத்து அடக்கினேன், ஒன்றில்லை என்று இப்போது தெரிகிறது. எனக்காக எதையும் சேர்க்காதே. வேண்டியவர்கள் மாற்றிக்கொள்ளட்டும், அந்தப் பூட்டை எடுங்கள் என்று ஆபீசில் பேசிப் பார். மகன் அங்கே வேலை பார்த்தால்தான் ஒருத்தி ம் சொல்லலாம் என்றிருக்கக் கூடாது. இப்போதைக்கு அவன் மாற்றியதை அவனுடைய பழைய லேப்டாப்பில் கேட்கிறேன், அப்பா நாற்காலியில் வைத்திருக்கிறேன்.

இருவரும் குறையில்லாமல் இருங்கள், மருமகளின் முதுகு வலியை டாக்டரிடம் காட்டு. ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று, போனில் நான் ம் என்றால் "சரிம்மா, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். நீ மேலே சொல்லத்தான் அந்த ம்.

உன் அம்மா