எஞ்சின் நின்றாலும் எரியும் விளக்கு

அம்மாவுக்கு, உன் சின்னவனின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை நிறுத்திவிடாதே.

இங்கே காட்டுப் பாதையில் ஓட்டும் பைக்குகளில் எஞ்சின் நின்றால் விளக்கும் அணைந்துவிடும். எஞ்சின் தரும் ஏசி மின்சாரத்தில் எரியும் அந்த விளக்கை டிசிக்கு மாற்றி, பேட்டரியில் எரியவைப்பது பட்டறையில் என் வேலை. நேற்று எஞ்சினோடு சேர்ந்திருந்த எர்த் வயரைப் பிரிக்காமலே பேட்டரியை மாட்டிவிட்டேன். மின்சாரத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் புகைந்துவிட்டது. "புத்தி எங்கப்பா இருக்கு?" என்றார் ஃபோர்மேன். விரலில் சின்னக் கொப்புளம்தான், கவலைப்படாதே. வேறு ரெகுலேட்டர் போட்டு, வயரைப் பிரித்துத் திரும்பச் செய்தபோது, எஞ்சினை அணைத்த பிறகும் விளக்கு எரிந்தது.

என் புத்தி வீட்டில்தான் இருந்தது. எப்போது போன் போட்டாலும் அண்ணி, "அத்தை தூங்குறாங்க" என்கிறார். பட்டப்பகலில் தூங்குகிற ஆளா நீ?

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். பதிலை அண்ணி எழுத வேண்டாம். என்னைத் திட்டியாவது, உன் கையாலேயே ஒரு வரி எழுது.