கோர்வை இல்லை என்று எழுதினேன், எஸ்தர்

என் செல்ல எஸ்தருக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் கம்ப்யூட்டர் பீரியட் போகவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு அது தொடரும் என்று எச்.எம். இன்றைக்குச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உன் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். உன் புருஷன், அதுதான் என் தம்பி, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யார்கூட பேசிக்கினு இருக்கே?" என்றான். "உன் பொண்டாட்டிகூட" என்றேன். சிரித்தான். நீ போன பிறகு அவன் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. நீ நடத்திய வகுப்பு, மவுஸைத் தொடவே பயப்படுகிற இந்தத் தமிழ் டீச்சர் தலையில் வந்து விழுந்தது. உனக்கு அங்கிருந்து சிரிப்பு வந்திருக்குமே?

நீ செய்து வைத்திருந்த பாடம் திரையில் அப்படியே இருந்தது. 'ஓர் ஆற்றை, அதைப் பார்க்காதவர் கண்ணில் நிற்கும்படி வர்ணித்து எழுதுங்கள்.' எந்தெந்த இணையதளத்துக்குப் போக வேண்டும், ஒருத்தி நிறத்தைப் பார், ஒருத்தி ஓசையைத் தேடு, ஒருத்தி கரையில் இருக்கும் மனிதர்களைக் கவனி என்று வழி போட்டுக் கொடுத்திருந்தாய். "நோட்ஸைப் பார்த்து எழுதறது போதும் அண்ணி, ஆத்தைப் பார்த்து எழுதட்டும்" என்பாயே, அதற்காக.

நான் நடத்திய லட்சணத்தைக் கேள். பிள்ளைகள் போனார்கள், பார்த்தார்கள், அப்படியே காப்பியடித்தார்கள். எல்லோருடைய கட்டுரையிலும் ஒரே நைல், ஒரே படகு, ஒரே சூரிய அஸ்தமனம். ஒருத்தி தன் கட்டுரையை 'மேலும் படிக்க இங்கே சொடுக்கவும்' என்று முடித்திருந்தாள். எங்கே சொடுக்குவது, அவள் தலையிலா?

எச்.எம். எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார்கள். "காப்பி அடிக்கறதுக்கு எதுக்கு ரூபி இவ்ளோ கரண்டு? இன்னும் ஒரே ஒரு கட்டுரை பாக்கறேன்மா. அதுவும் இப்படியே இருந்துதுன்னா அந்த பீரியட கணக்குக்குக் குடுத்துடுவேன்" என்றார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். நீயும் இல்லை, உன் பாடமும் போய்விட்டால் இந்தப் பள்ளிக்கூடத்தில் நீ இருந்தாய் என்பதற்கு என்ன மிச்சம்? அந்தப் பயம்தான் என்னைப் பிடுங்கித் தின்றது.

ஆத்திரத்தில் எல்லாக் கட்டுரையிலும் சிவப்பு மையால் 'கோர்வை இல்லை, மறுபடி எழுது' என்று எழுதித் தள்ளினேன். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ஒட்டவில்லை என்று அர்த்தம். தமிழ் டீச்சர்கள் காலங்காலமாக எழுதுகிறதுதான்.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வருவாளே புவனா, வீட்டில் தறி ஓடுகிற பிள்ளை, அவள் மறுபடி எழுதிக்கொண்டு வந்தாள். நடுப்பகுதி நீல மை. முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் நல்ல கிளிப்பச்சை. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"இன்னாடி இது கூத்து?"

"நீங்கதான மிஸ் கோர்வை இல்லன்னு எழுதனீங்க?"

"அதுக்கு?"

"கோர்வைன்னா பொடவையில உடல் ஒரு கலரு, கரை வேற கலரு. ரெண்டையும் இழை இழையா கோத்துக்கினு போவணும். இழுத்தாலும் பிரியாது. எங்கப்பா நெய்யறது அதான் மிஸ். என்கிட்ட ஒரே கலரு பேனாதான் இருந்துது. அக்காவோடத வாங்கி எழுதனேன்."

எஸ்தர், நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடி வந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டுமே, நீ இல்லையே என்று அதே மூச்சில் அழுகையும் வந்தது.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தேன். நீலத்தில் இருந்தது அதே நைல். பச்சையில் இருந்ததை எந்தத் தளத்திலும் அவள் பார்த்திருக்க முடியாது. வீட்டில் உட்கார்ந்து, கரைக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், சித்தி வீட்டுக்குப் போகும்போது செவிலிமேடு தாண்டிப் பாலத்தில் பார்த்ததை எழுதியிருக்கிறாள். 'எங்கள் பாலாற்றில் மணல்தான் இருக்கிறது. ஊற்றுத் தோண்டியவர்களின் முதுகு மட்டும் பஸ்ஸிலிருந்து தெரிந்தது. ஒரு அம்மா நிமிர்ந்து கையாட்டினார்கள். முழங்கை வரை ஈரமாக இருந்தது. ஆற்றில் நான் பார்த்த தண்ணீர் அவ்வளவுதான்.'

அடுத்த வகுப்பில் உன் பாடத்தின் கீழே நானே ஒரு வரி சேர்த்தேன். கம்ப்யூட்டரில் கண்டதை நீலத்தில் எழுது, உன் கண்ணால் கண்டதைப் பச்சையில் எழுது, இரண்டையும் பிரியாமல் கோத்துக் கொண்டு வா. கேட்காமல் சேர்த்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தன் பச்சை குறைவாக இருக்கிறதே என்று ஒவ்வொருத்திக்கும் ரோஷம் வேறு. படகைப் பற்றி நீலத்தில் எழுதினால், திருமுக்கூடலில் பரிசலைப் பார்த்தவள் உடனே பச்சைக்குத் தாவினாள்.

அந்தக் கட்டுரைகளை எச்.எம். நின்றபடியே வாங்கிப் பார்த்தார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். பியூன் கொண்டுவந்த டீ ஆறிப்போனது. "பச்சை மை நான் கையெழுத்து போடறதுமா. பரீட்சையில மட்டும் இந்த வேல வேணாம்" என்றார்கள். கதவு வரைக்கும் போனவளைக் கூப்பிட்டு, "அந்த பீரியட்ல நான் கை வெக்க மாட்டேன் ரூபி" என்றார்கள். படியிறங்கும்போது என் கால் தரையிலேயே இல்லை.

வகுப்பில் சொன்னேன். ஒரே கூச்சல். அடுத்த கட்டுரைக்குத் தலைப்பை நீங்களே சொல்லுங்கள் என்றேன். யோசிக்கவே இல்லை, "எஸ்தர் மிஸ்" என்றார்கள். உடனே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உன் பெயரைத் தட்டினார்கள். வேதாகமத்து ராணி எஸ்தர் வந்தாள். யார் யாரோ எஸ்தர்கள் வந்தார்கள். நீ வரவில்லை. பிள்ளைகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் புவனா என் பக்கம் திரும்பினாள்.

"நீலத்துல எழுத ஒண்ணுமே இல்ல மிஸ். முழுக்கப் பச்சையிலயே எழுதிடட்டுமா?"

எழுதுங்கடீ என்றேன். எழுதிக்கொண்டிருக்கிறார்கள் எஸ்தர். உன் நடையை, குரலை, கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றுவாயே, அதை. அத்தனையையும் நானே உட்கார்ந்து தட்டி, கற்றுக்கொண்டாவது, இணையத்தில் ஏற்றிவிடுவேன். அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் உன் பெயரைத் தட்டினால் நீ வருவாய். அதற்கு நான் பொறுப்பு.

உன்னோடு சண்டை போட ஆளில்லாமல் இருக்கும்,
உன் நாத்தனார்
ரூபி