எண்ணெய் போகாத குழாய்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன், அத்தையும் இருக்கிறாள், அவளுடைய மூட்டுவலி அவளைவிடத் தெம்பாக இருக்கிறது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், இல்லையென்றால் மருமகள் சொல்லியிருப்பாள், நீ சொல்லமாட்டாய். அங்கே குளிர் அதிகம் என்றாளே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. குழந்தைக்கு நான் தைத்து அனுப்பிய சட்டை கை நீளமாக இருந்தால் மடித்துவிடச் சொல், வெட்ட வேண்டாம், வளர்கிற பிள்ளை.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வண்டி என்று நான் வாயெடுத்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்த வியாதி இல்லை. பிழை இருக்கும், ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, பார்த்துப் படித்துக்கொள். இதோடு துணியில் சுற்றி ஒரு செம்புத் துண்டு வைத்திருக்கிறேன். கடிதத்தை முடித்துவிட்டு அதைப் பிரி, முதலிலேயே பிரித்தால் அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பாய்.

அப்பாவை எடுத்தபோது வந்தாயே, அப்போதுகூட நீ, அப்பா மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருந்த பின் அறைப் பக்கம் திரும்பவில்லை. போகிற அன்றைக்கு வாசலில் நின்று, அந்த வண்டியை எடைக்குப் போட்டுவிடு என்றாய். நானும் போடத்தான் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டேன். கோணிப்பையோடு வந்து டப்பாக்களை உருட்டிக்கொண்டிருந்தார். நத்தை மாதிரி சுருண்டு கிடந்த ஒன்றைக் காட்டி இது என்ன என்று கேட்டேன், அது ஏதோ மூடிதாங்க்கா என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நீயும் அப்பாவும் சாப்பிடும்போதுகூட டர்போ டர்போ என்று பேசுவீர்கள், நான் தட்டில் போட்டுக்கொண்டே நிற்பேன், அது என்ன செய்யும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மூடி என்கிறவரிடம் அதைத் தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை. ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டியைக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, நத்தையைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனைப் பட்டறைக்குப் போனேன். மனுஷர் போன பிறகு கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போய்விடுகிறது கண்ணு, கையில் கனமாக ஒன்று இருந்தது நன்றாகத்தான் இருந்தது.

இதுதான் டர்போ என்று பட்டறைக்காரர் சிரிக்காமல் சொல்லிக்கொடுத்தார். எல்லா வண்டியிலும் புகை வெளியே போய் வீணாகும், இதில் அந்தப் புகை போகிற வழியில் ஒரு காற்றாடி, அதே கம்பியின் அடுத்த முனையில் இன்னொரு காற்றாடி, புகை இதைச் சுற்றினால் அது சுற்றி இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் என்றார். அப்படியானால் அது விட்ட மூச்சே அதற்கு மூச்சு கொடுக்கிறதா என்று கேட்டேன். அப்படித்தாங்க்கா என்றார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன், வெங்காயம் வாங்க மறந்துவிட்டேன். யாருக்கு இப்படி ஒரு யோசனை வந்திருக்கும்.

அந்தக் காற்றாடி சுற்றவில்லை, உனக்குத்தான் தெரியுமே. கம்பி உள்ளே பிடித்துக்கொண்டிருந்தது. நீ அன்றைக்கு, அப்பா ஏதோ கழற்றிப் பூட்டி முடித்திருந்த வண்டியை அவரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், வந்த வேகத்தில் சாவியைத் திருப்பி நிறுத்தினாய். திரும்ப எடுத்தபோது கிரீச் என்று ஒரு சத்தம், புகை, அதோடு சரி. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு ஆறின பிறகு நிறுத்த வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேனே, சூட்டோடு நிறுத்திக் கொன்றுவிட்டாயே என்று தெருவே கேட்க அப்பா கத்தினார். நீ சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனவன், அந்த மாதமே இப்போது இருக்கிற ஊர் வேலைக்கு ஒப்புக்கொண்டாய். உன்னால்தான் போனது என்று நீயும் நம்பினாய், நானும் நம்பினேன்.

சரி, அப்பா பிரித்துப் போட்டதைச் சேர்த்துப் பார்ப்போமே என்று ஆரம்பித்தேன். தையல் மெஷினைப் பிரித்துப் பூட்டுகிற கைதானே. அப்பாவிடம் இருந்த புத்தகத்தில் எழுத்து நமக்குப் புரியாத பாஷை, படம் எந்தப் பாஷையும் இல்லை. அத்தை தினமும் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, என்ன அண்ணி, ரேஸுக்குப் பேர் கொடுத்தாச்சா என்று கேலி செய்வாள், ஆனால் போல்ட்டையெல்லாம் பெரியது சின்னது பார்த்துப் பிரித்துத் தட்டில் வைத்துக் கொடுத்தது அவள்தான். ஒரு ஸ்பேனர் குறைந்தது. வீடெல்லாம் தேடிவிட்டு, கடைசியில் அப்பாவின் குழாய் வேலைப் பையைத் திறந்தேன். அவர் போன பிறகு அதை நான் தொடவில்லை. அடியில் என் பழைய ஜாக்கெட் துணியில் எதையோ சுற்றி வைத்திருந்தார். பிரித்தால், பேனா ரீஃபில் கனத்தில் ஒரு செம்புக் குழாய், நீளவாக்கில் ரம்பத்தால் இரண்டாகப் பிளந்தது. அறுத்த ஓரம் புது செம்பாகப் பளபளக்கவில்லை, கறுத்துப்போயிருந்தது, அறுத்து வெகுநாள் ஆகியிருக்கிறது. உள்ளே ஒரு முனையில் கல் மாதிரி கெட்டியாக வெள்ளைப் பேஸ்ட். பக்கத்திலேயே அதே அளவில், அதே வளைவில், புதிதாகச் செய்த இன்னொரு குழாய்.

அந்தப் பேஸ்ட்டை எனக்குத் தெரியாதா. அப்பா கை வைத்த எந்தக் குழாய் ஒழுகியிருக்கிறது? ஒரு மரைக்கு மூன்று மரைக்கான பேஸ்ட் பூசுவார், நம் சமையலறைக் குழாயில் இன்றைக்கும் பிதுங்கி நிற்கிறது. தண்ணீர்க் குழாய் அகலம், உள்ளே பிதுங்கினாலும் தண்ணீர் தன் பாட்டுக்குப் போகும், ரீஃபில் கனத்துக் குழாய் அடைத்துக்கொள்ளும். இரண்டு பாதியையும் பட்டறைக்காரரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நத்தைக்குள் சுற்றுகிற கம்பிக்கு எண்ணெய் கொண்டுபோகிற குழாய் இது, இந்த இடத்துக்குப் பேஸ்ட்டே கூடாது, செம்பு வாஷர் போதும் என்றார். அப்புறம் அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்: “சூட்டோட நிறுத்தினா கெடும்தான்க்கா, ஆனா பல நாள் செஞ்சாத்தான். எண்ணெயே போகாத வண்டிய யார் ஓட்டியிருந்தாலும் அன்னைக்கு இதேதான் ஆகியிருக்கும்.”

ஆக, நீ இல்லை கண்ணு. உங்கள் அப்பாவின் கைவேலை. அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அறுத்துப் பார்த்திருக்கிறார், தெரிந்துதான் புதுக் குழாய் செய்திருக்கிறார், செய்துவிட்டு இரண்டையும் சுற்றிப் பையின் அடியில் போட்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அழுகைகூட வரவில்லை. சமையலறைக்குப் போய் அந்தக் குழாயைப் பார்த்து, வாய்க்கும் இதே பேஸ்ட்டைத்தான் பூசிக்கொண்டீரா என்று கேட்டேன். அத்தை பின்னாலேயே வந்து, என் அண்ணன் சொல்லத்தான் இருந்தார், சொல்ல வரவில்லை என்றாள். நான் உன்னோடு போனில் பேசும்போதெல்லாம் அவர் கையை நீட்டி வாங்குவாரே, வாங்கி, அங்கே மழையா என்று மட்டும் கேட்டுவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுப்பாரே, அதைச் சொன்னாள். எனக்கு அது ஞாபகமே இல்லை, அவள் சொன்ன பிறகு வேறு எதுவும் ஞாபகத்தில் நிற்கவில்லை. சொல்லத்தான் வாங்கினாரா, இல்லை நிஜமாகவே மழையைத்தான் கேட்டாரா? உன் காதில்தானே பேசினார், உனக்கு ஏதாவது தோன்றியதா? எழுது.

நத்தையைக் கடைசல்காரர் ஒருவரிடம் கொடுத்து உள்ளே புதுசு போட்டு வாங்கினோம். இப்போது வாயால் ஊதினாலே காற்றாடி சுற்றுகிறது, உங்கள் அத்தை வேலையற்றுப் போய் ஊதிக்கொண்டே இருந்தாள். அப்பா செய்த புதுக் குழாயை நானே பூட்டினேன், வாஷர் மட்டும், பேஸ்ட் துளி இல்லை. வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் எண்ணெய் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று பட்டறைக்காரர் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு இன்ஜினை வெறுமனே சுற்றவிட்டார். சாவி உன்னோடு போய்விட்டதே, ஒயரைச் சேர்த்துத்தான் சுற்றினார். நத்தைக்கு அடியில் ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. இன்னும் வரவில்லை. அத்தைகூட எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். அப்புறம் ஒரு சொட்டு, அப்புறம் நூல் மாதிரி, நிற்காமல் வந்தது. விரலில் தொட்டுப் பார்த்தேன். அப்போதுதான் அழுகை வந்தது எனக்கு.

வண்டி கிளம்பிவிட்டது. முதலில் இருமியது, வெள்ளையாகப் புகை விட்டது, பிறகு நிதானமாக ஓடியது. ஆனால் விசில் வரவில்லை. நீ தெருமுனையில் திரும்பும்போது விசில் கேட்கும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள், என் தையல் மெஷின் சத்தத்தில் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. என்ன கெட்டது என்று பயந்துபோய்க் கேட்டேன். ஒன்றும் கெடவில்லை, நின்ற இடத்தில் முறுக்கினால் வராது, ஆள் ஏறி உட்கார்ந்து ரோட்டில் இழுக்க வேண்டும், நான் ஒரு சுற்று ஓட்டிக் காட்டட்டுமா என்றார் பட்டறைக்காரர். பூட்டையும் மாற்றிப் புதுச் சாவி போட்டுத் தருகிறேன் என்றார். இரண்டும் வேண்டாம் என்றுவிட்டேன். ஓட்டுகிறவன் இருக்கிறான், சாவியும் அவனிடம் இருக்கிறது என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

குழாயின் ஒரு பாதிதான் இதோடு வருகிறது, வெளிச்சத்தில் வைத்து நீயே பார். இன்னொரு பாதியை இங்கே வைத்திருக்கிறேன். அப்பா மேல் கோபம் வந்தால் கோபப்படு, எனக்கும் இருக்கிறது, இங்கே வந்து சேர்ந்து கோபப்படலாம். மருமகளை அதட்டாதே. குழந்தை எதையாவது உடைத்தால் முதலில் என்ன ஆனது என்று பார், அப்புறம் சத்தம் போடு. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும், அத்தையும் அதையே சொல்லச் சொல்கிறாள், வரும்போது அவள் மூட்டுக்குத் தேய்க்கிற மருந்து ஒன்று வேண்டுமாம்.

லீவு கேட்டுப் பார். பயந்துகொண்டு ஒரு நாளும் அந்த வண்டியில் ஏறாதவள், இந்த முறை பின்னால் உட்கார்ந்து வருகிறேன், எனக்கு அந்த விசிலைக் கேட்க வேண்டும். சாவியை மறக்காதே.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா